தூளியில தொங்குற குதிரை

"வயித்துக்குக் கீழ ஒரு முட்டு வெச்சிடு தங்கச்சி. மரத்தடி மாதிரி பண்ணி, ரெண்டு இலையப் போட்டா யாருக்கும் தெரியாது."

"ஓடுற குதிரைக்கு வயித்துக்குக் கீழ எப்படிண்ணே மரம் முளைக்கும்? நீங்க நடந்து போறப்ப உங்க காலுக்கு நடுவுல செடி முளைக்குதா?"

"முளைக்கல. ஆனா என் காலு விரிசலும் விடல."

பக்கத்து ஷெட்ல கார் சீட் கவர் தைச்சிட்டிருந்தேன். இதக் கேட்டதும் மெஷின நிறுத்திட்டு ஓடினேன். முட்டு வைக்கச் சொன்னது அச்சுக்காரர். மண்ணுல செஞ்ச உருவத்துக்கு அச்சு எடுத்து வெண்கலத்துல வார்க்கிறவர். பதிலுக்குப் பதில் பேசினது என் வீட்டுக்காரி.

அவளுக்கு யாரும் சிற்பம் சொல்லிக் குடுக்கல. அவ அப்பா பந்தயக் குதிரை லாயத்துல வேலை பார்த்தவர். சின்ன வயசுல குதிரைங்க காலுக்கு நடுவுலயே வளர்ந்தவ. எலும்பு எங்க, நரம்பு எங்கன்னு கையாலயே தெரியும். முதல்ல சோப்புல செதுக்கினா. அப்புறம் மண்ணு. கல்யாணத்துக்கப்புறம் பரிசுக் கோப்பை விக்கிற கடைக்கு, கோப்பை மேல நிக்கிற குட்டிக் குட்டி குதிரை. இத்தனை வருஷமா அதான் பொழப்பு. எத்தனையோ வீட்டு அலமாரியில அவ குதிரை நிக்குது, ஒண்ணுலயும் அவ பேரு இல்ல. "ஒரு ஆளையும் மேல உக்கார வைக்கலாமே"ன்னு கடைக்காரர் கேட்பார். "ஆள வெச்சா எல்லாரும் ஆளத்தான் பாப்பாங்க, குதிரைய எவன் பாப்பான்"னு சொல்லிடுவா.

இப்பதான் முதல் தடவையா நிஜ அளவுக்கு ஒரு குதிரை. குதிரை ஏத்தம் சொல்லித் தர்ற பள்ளிக்கூடத்து வாசல்ல வைக்க. பீடத்துல அவ பேரு போடறேன்னாங்க. அவ விரலெல்லாம் முடக்குவாதத்துல மடங்கிட்டு வருது. காலையில டம்ளர ரெண்டு கையாலதான் புடிக்கறா. இதான் முதல் பெரிய குதிரை, இதான் கடைசியும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வாய் விட்டுச் சொல்லிக்கிட்டதில்ல.

தப்பு எங்கன்னா, காலுக்குள்ள. குட்டிக் குதிரைக்கெல்லாம் உள்ள குச்சி வெச்சுத்தான் செய்வா. அதே பழக்கத்துல இதுக்கும் மரச்சட்டம் வெச்சுட்டா. குட்டிக் குதிரை சீக்கிரம் காஞ்சிடும், ஒண்ணும் ஆகாது. இது மாசக்கணக்கா ஈரத்துணி சுத்தி நிக்குது. மரம் அந்தத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஊதிப்போய், மேல இருக்கிற மண்ணு விரிசல் விட்டுடுச்சு.

"இரும்புக் குழாய்ல வெச்சிருக்கணும்"னார் அச்சுக்காரர். "இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே."

"எனக்கு யாரு சொன்னா?"ன்னா அவ. சண்டைக் குரல் இல்ல அது. நிஜமாவே கேட்டா.

அச்சுக்காரர் என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நீங்களாவது சொல்லுங்க. முட்டு வைக்கலன்னா நான் அச்சு எடுக்க மாட்டேன். அச்சுக்கு மண்ணு மேல பிளாஸ்டர் பூசறப்போ குதிரை சரிஞ்சா என் ஆளுங்க அடியில போயிடுவாங்க"ன்னார். அவர் சொல்றதும் நியாயம்தானே. மாசக் கடைசிக்குள்ள அச்சு எடுக்கலன்னா பள்ளிக்கூடத்துல ரெடிமேடா ஒரு ஃபைபர் குதிரைய வாங்கிடுவாங்க.

அவர் செருப்பு மாட்டுறதுக்குள்ள டொக்குனு ஒரு சத்தம். முன்னங்காலு முட்டிக்குக் கீழ பொளந்துடுச்சு. இவ பாய்ஞ்சு போய் தோளக் குடுத்து வயித்தத் தாங்கிட்டா.

"கேன்வாஸ் எடுத்துட்டு வாங்க! தூளி தைங்க!"

"தூளியா?"

"லாயத்துல காலு ஒடிஞ்ச குதிரைய வயித்துல துணி குடுத்து உத்தரத்துல தொங்க விடுவாங்க. காலுல பாரம் இறங்காது. அப்பா செஞ்சு பாத்திருக்கேன்."

"அந்தக் குதிரை பொழைச்சுதா?"

"மொதல்ல தூளியத் தைங்க."

நானும் அச்சுக்காரரும் அவளுக்குப் பதிலா கட்டைய அண்டக் குடுத்தோம். அப்புறம் நான் லாரி சீட்டுக்குப் போடற கேன்வாஸ மடிச்சு மடிச்சுத் தைச்சேன். ஊசி ரெண்டு தடவ ஒடிஞ்சுது. உத்தரத்துல செயின் மாட்டி ஏத்தினோம். தூளி இறுக இறுக, வயித்துல அவ பாத்துப் பாத்து எழுப்பின நரம்பெல்லாம் சேறு மாதிரி வழிஞ்சுது. அவ அழல. "வயிறு திரும்பச் செஞ்சுக்கலாம். காலு போனா குதிரை இல்ல"ன்னா. அந்த விரலு திரும்பச் செய்யுமான்னு நான் கேக்கல.

இப்ப குதிரை தொங்குது. பொளந்த கால்ல மரம் கருப்பா தெரியுது. தண்ணி ஊத்தினா மரம் இன்னும் ஊதுது, ஊத்தலன்னா மண்ணு சுருங்கி வெடிக்குது. கையில துணியோட அவ கீழ உக்காந்திருக்கா, நனைக்கவும் பயம், விடவும் பயம். சோறு அப்படியே இருக்கு.

இந்த குரூப்புல எழுதிக் கேக்கப் போறேன்னு அவகிட்ட சொன்னேன். "எழுதுங்க. முட்டு வைக்கச் சொல்றவங்க மட்டும் வேணாம்னு போடுங்க"ன்னா.

மண் சிற்பம், அச்சு வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு பதில் போடுங்க. தொங்க விட்டபடியே காலுக்குள்ள இருந்து மரத்த உருவிட்டு இரும்பு குடுக்க முடியுமா? யாராவது செஞ்சிருக்கீங்களா? அது தெரியலன்னாலும் பரவாயில்ல. அந்தத் துணிய நனைக்கலாமா வேணாமா, அத மட்டுமாவது இப்பவே சொல்லுங்க.