கோட்டுப் பையில் நான்கு பொட்டலம்

அந்த லாண்டரியில் வியர்க்காதவர்தான் அதிசயம். அதனால் மேஜையருகே இஸ்திரிக்காரர் தொப்பலாக நனைந்து நின்றதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"மச்சான், துணிக்குத் தண்ணியே தெளிக்க வேண்டாம், நீங்க குனிஞ்சா போதும்!" என்றார் துவைக்கும் இயந்திரத்தைக் கவனிப்பவர். வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

துணி மடித்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரின் மனைவியும் சிரித்தாள். அப்போதுதான் தீய்ந்த வாசனை வந்தது. இருபது வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடப் பொசுக்காத மனிதர், வெள்ளைச் சட்டை மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினாள். பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். எப்போதும் கொதிக்கும் கழுத்து, சில்லென்று இருந்தது.

"என்னங்க, இன்சுலின் ஊசி போட்டீங்கல்ல? சாப்பிட்டீங்களா?"

"இந்தக் கட்டு முடியட்டும்னு..." நாக்கு குழறியது.

இது சூட்டு வியர்வை இல்லை, சர்க்கரை இறங்கும்போது வருவது. நினைவு இருக்கும்போதே இனிப்பு கொடுத்துவிடணும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"அண்ணே, சர்க்கரை!"

"ஏது தங்கச்சி? மச்சானுக்குச் சர்க்கரை நோய்னு தெரிஞ்ச அன்னிக்கே நாம எல்லாரும் சர்க்கரை இல்லாத டீக்கு மாறிட்டோமே!"

அன்பால் செய்த காரியம் இப்போது கழுத்தை நெரித்தது. கடைக்குப் போவதென்றால் இரண்டு தெரு தாண்ட வேண்டும்.

அவள் கண் அலமாரி டப்பாவில் விழுந்தது. வாடிக்கையாளர் பைகளில் கிடைப்பதைச் சீட்டு எண்ணோடு பத்திரப்படுத்தும் டப்பா. அன்று காலை சலவைக்கு வந்த ஒரு கோட்டின் பையிலிருந்து எடுத்த நான்கு சர்க்கரைப் பொட்டலம் அதில் இருந்தது. கிழித்துத் தண்ணீரில் கரைத்தாள்.

அவர் வாயை இறுக்கிக்கொண்டார். "அது... நம்மது இல்ல."

"மச்சான், கடவுள் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், குடிங்க!" என்று ரேடியோ தலையைத் தாங்கிப் பிடித்தார்.

குடித்தார். அடுத்த கால் மணி நேரமும் அவள் உதடு கடவுளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சட்டையைப் பொசுக்கிட்டேனா?" என்று அவர் தெளிவாகக் கேட்டபோது அவளுக்கு அழுகை பொங்கியது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

மாலையில் அந்தக் கோட்டுக்காரர் வந்தார். இஸ்திரிக்காரர் புதிதாக வாங்கிய நான்கு பொட்டலத்தை நீட்டினார். "ஐயா, உங்களைக் கேக்காம எடுத்துட்டோம். மன்னிக்கணும்." நடந்ததைச் சொன்னார்.

"சில்லுனு வியர்த்துச்சா?"

"ஆமாங்க."

"எனக்கும் அப்படித்தான் வரும். அதுக்குத்தான் பையிலயே வெச்சிருக்கேன். இன்னிக்கு எடுக்க மறந்ததும் நல்லதாப் போச்சு."

இரண்டு பொட்டலத்தைத் தன் கோட்டில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் இஸ்திரிக்காரரின் சட்டைப்பையில் தன் கையாலேயே வைத்தார்.

அன்று முதல், கணவர் மாற்றும் ஒவ்வொரு சட்டையிலும் முதலில் அந்தப் பையைத்தான் அவள் தொட்டுப் பார்க்கிறாள்.