ஈரத்தில் இறுகிய மூடி

கடலோரப் புதுமடத்தில் வல்லத்துக்கு, அதாவது மீன்பிடிப் படகுக்கு, பெயிண்ட் அடிப்பதில் சதக்கை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அவர் மனைவி மஜீதா, கணக்கு டீச்சர். அவளைப் பிடித்திருந்த பித்தே வேறு: அரக்குப் பூசிய பழைய மைப்பேனாக்கள். பதினோரு பேனா சேர்த்துவிட்டாள். கடைசியாக வந்தது ஜப்பான் பேனா. கன்னங்கரிய உடம்பில் பொன்துகளால் வரைந்த ஒரு மீன். மூடியின் விளிம்பில் நெல்மணி அளவுக்கு அரக்குப் பெயர்ந்திருந்தது. அதனால்தான் அதன் விலை ஒரு டீச்சரின் கைக்கு எட்டியது.

பெயர்ந்த இடத்தில் பூச, மரத்தில் வடிக்கிற அசல் அரக்கைச் சின்னக் குழாயில் வரவழைத்தாள். அது ஈரக்காற்றில்தான் இறுகும். பூசிய மூடியை ஈரத்துணி விரித்த தெர்மாகோல் பெட்டிக்குள் அவள் வைத்தபோது சதக் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பள்ளிக்கூடம் போனதும், பாவம், உதவுகிறோம் என்று மூடியை எடுத்து மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டார். வல்லத்துக்குச் செய்கிறதைத்தானே செய்தார் மனிதர். சாயங்காலம் பார்த்தால் அரக்கு பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. மேலே மணல் வேறு.

மஜீதா சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தாள். அரக்குப் பட்ட கை சேராங்கொட்டை பட்டதுபோல் தடித்து, அரிப்பில் உயிர் போனது. சதக்குக்குப் பொறுக்கவில்லை, அத்தனை பேனாவையும் விற்றுத் தள்ளிவிடச் சொன்னார். குழாயில் ஒரு பூச்சுக்குத்தான் மிச்சம் இருந்தது.

“இதுவும் இறுகலேன்னா பதினொன்னையும் வித்துருறேன் மச்சான். இறுகுச்சுன்னா, இனி என் பெட்டிப் பக்கம் நீங்க வரக்கூடாது.”

பூசிய மறுநாளே இராமநாதபுரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகும்படி உத்தரவு வந்தது. சித்திரை வெயிலில் துணியின் ஈரம் அரைநாள் தாங்காது. சதக்கிடம் தண்ணீர் தெளிக்கச் சொல்ல வாய்வரை வந்தது. சவால் விட்டுவிட்டு அவரிடமே போய் நிற்பதா? துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள். பயிற்சியில் சொன்ன ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தாள். துணி சில்லென்று ஈரமாக இருந்தது. மூடியின் விளிம்பில் நகத்தை வைத்து அழுத்தினாள்; நகம் வழுக்கியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் பூச்சின் நடுவே மங்கலாக ஒரு விரல் தடம் தெரிந்தது. பெயிண்ட் காய்ந்ததா என்று விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்ப்பது சதக்கின் வழக்கம்.

அவர் வாசலில் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அவள் பிடித்து இழுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

“துணியக் காய விட்டிருந்தா நீங்கள்ல செயிச்சிருப்பீக?”

“ஒரு வாட்டி கெடுத்தது பத்தாதா புள்ள?”

தடத்தைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. தன் கைக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்து அவர் விரல்களில் பூசினாள்.

“அடுத்த வாட்டி கையுறை போட்டுக்கிட்டுப் பெட்டியத் திறங்க மச்சான்.”