சுவருக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லமுத்துவின் மொபெட் ஹாரன் கேட்டால் போதும், அந்தத் தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மீமிசலில் பிடித்த மீன் விடிவதற்குள் வேனில் வந்து இறங்கும். அதை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கந்தர்வக்கோட்டைத் தெருக்களில் விற்பது அவர் தொழில். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. முந்திரி வியாபாரி அழகி குடையைத் தோளில் சாய்த்தபடி ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாச் செவப்பா இருக்கு சத்யா. ஒனக்கும் இதுலயே எடுத்துக்க" என்றாள்.

சத்யா அழகியிடம் வாடகைக்குக் குடியிருப்பவள். கணவன் கவியரசன் மினி லாரி ஓட்டுகிறான். மகள் வைஷ்ணவிக்கு ஐந்து வயது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள், "முள்ளு இல்லாத மீனாக் குடுங்க தாத்தா" என்றாள். செல்லமுத்து சிரித்துக்கொண்டே, "அப்படி ஒண்ணு கடல்ல இருந்தா மொதல்ல ஒனக்குத்தான்" என்று சொல்லி இன்னொரு மீனைத் தட்டில் போட்டார்.

அழகிக்குக் கணவன் இல்லை. அவன் விட்டுப்போன சின்ன வியாபாரத்தைத் தனி ஆளாக நின்று பெருக்கியவள். வீட்டுக்கு எதிரில் குடோன். அதன் பின்பக்கச் சுவரை ஒட்டி ஓர் அறையும் சமையல்கட்டும் கட்டியிருந்தாள். அதில்தான் சத்யாவின் குடும்பம் இருந்தது. இரண்டுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போய் முட்டாது. மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. காலையில் வைஷ்ணவி பள்ளிக்கூடப் பாட்டைப் பாடினால் குடோனில் மூட்டை அடுக்குகிறவர்களுக்குக் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் முந்திரி மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. எலித் தொல்லையும் கூடியது. பூச்சி மருந்துக் கடை வைத்திருந்த நாகராசுவிடம் அழகி போய்ச் சொன்னாள். உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. காற்றின் ஈரம் பட்டதும் அது விஷப்புகையாக மாறும். நாகராசு அதில் ஒரு டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

"மூட்டைக்கு நடுவுல வச்சுத் தார்ப்பாயப் போட்டு மூடிருங்கக்கா. ஒரு உசுரு மிஞ்சாது."

"பின்னாடி குடித்தனம் இருக்காங்களேப்பா. ஒண்ணும் செஞ்சிராதே?"

"அதான் செவரு இருக்குல்ல. எத்தன பேரு வாங்கிட்டுப் போறாங்க."

சுவர் இருக்கிறது, ஆனால் மேலே திறந்து கிடக்கிறது என்று அழகி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. சத்யாவிடம் சொல்லி இரண்டு நாள் வேறெங்காவது இருக்கச் சொல்லலாமா என்று வழியில் ஒரு யோசனை வந்தது. இந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் என்று அதையும் விட்டுவிட்டாள். மீன் வாங்கிய அந்த ஞாயிறு சாயங்காலமே மாத்திரைகளை வைத்து மூடிவிட்டுக் குடோனைப் பூட்டினாள்.

சாரல் அடித்ததால் சத்யா அறையின் ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். படுக்கப் போகும்போது வைஷ்ணவி, "அம்மா, கெட்ட மீன் வாட அடிக்குதும்மா" என்றாள். சத்யாவுக்கும் அடித்தது. அழுகிய மீனும் பூண்டும் கலந்தாற்போல ஒரு நாற்றம். குழம்புச் சட்டியை மறுபடியும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

விடியும்போது மூவரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இங்க வலிக்குது" என்றாள். பக்கத்து கிளினிக்கில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். மீன் குழம்பு என்றதும், சாப்பாட்டில் ஏதோ கெட்டிருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வாடகைக் கார் பாதி வழி போவதற்குள் சத்யாவின் மடியில் வைஷ்ணவி அடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையை அறுத்துப் பார்ப்பார்கள் என்று, கூட வந்த உறவினர்கள் காரைக் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கும் கவியரசனின் சொந்த ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கே அடக்கம் முடிந்தது. சத்யாவும் கவியரசனும் மெல்லத் தேறினார்கள்.

செய்தி கேட்டு அழகி அழுதாள். அது பொய் அழுகை இல்லை. மறுநாள் குடோனைத் திறந்தபோதுதான் சுவரின் மேல் விளிம்பைப் பார்த்தாள். இடைவெளியில் பல்லிகள் வயிறு மேலே தெரியக் கிடந்தன. இரண்டு அணில்கள் சத்யாவின் அறைப்பக்கமாகத் தலையை நீட்டியபடி செத்திருந்தன. குடோனுக்குள் இன்னும் பூண்டும் அழுகிய மீனும் கலந்த மருந்து நாற்றம். அழகி ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அணில்களையும் பல்லிகளையும் முறத்தில் வாரிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். மாத்திரை கரைந்த சாம்பல் பொடியை வாய்க்காலில் கொட்டினாள். அடுத்த நாள் வாய்க்கால் ஓரத்தில் தவளைகள் மிதந்தன.

பழி சத்யாமேல் விழுந்தது. கவியரசனின் தாய் சின்னப்பிள்ளை துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "கெட்ட மீன ஆக்கிப் போட்டு எம் பேத்தியக் கொன்னுட்டா" என்று சொன்னாள். கவியரசன் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சத்யா வைத்த சோற்றை அவன் தொடுவதில்லை. லாரி நிறுத்துகிற இடத்திலேயே கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தான். அது அவளுக்கு மாமியாரின் பேச்சைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

துக்கம் முடிந்து அறையைக் காலி செய்ய வந்த சத்யா அழகியின் வாசலில் நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்களும் அதே மீனத்தான வாங்குனீங்க? நீங்க சாப்புட்டீங்கல்ல? ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே?"

அழகி சாப்பிட்டிருந்தாள். இரண்டு துண்டு அதிகமாகவே சாப்பிட்டிருந்தாள். அதை அப்படியே சொல்லியிருந்தால் மீனில் குற்றம் இல்லை என்று தெரிந்திருக்கும். பிறகு எதில் குற்றம் என்ற கேள்வி வரும்.

"நான் அன்னைக்கு ஆக்கல சத்யா. ஒடம்பு சரியில்ல. மீனப் பூனைக்குப் போட்டுட்டேன்" என்றாள்.

சத்யா மெதுவாகத் தலையாட்டினாள். "அப்ப நாந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அழகிக்கு நிம்மதி போய்விட்டது. குடோனில் ஆட்கள் இல்லாத நேரத்தில் சுவருக்கு மேலிருந்து குழந்தை பாடும் சத்தம் கேட்டது. ஆள் வைத்து அந்த இடைவெளியைச் செங்கல்லால் அடைத்தாள். அடைத்த பிறகும் கேட்டது. பாட்டு பாதியில் நிற்கும். அதன் பிறகு இருக்கும் அமைதிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சமையலில் பூண்டு சேர்ப்பதையே விட்டுவிட்டாள். செல்லமுத்துவின் ஹாரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்கும் அந்தத் தெருவில் வியாபாரம் நின்றுபோயிருந்தது. பிள்ளையைக் கொன்ற மீனை விற்றவர் என்ற பெயர் அவருக்கு.

தெரிந்தவர்கள் வழியாகச் சத்யாவைப் பற்றி ஏதாவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறாளாம். கையை மோந்து பார்த்து, "இன்னும் வாட போகல" என்கிறாளாம். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் அழகி, நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். விடிந்ததும் வியாபாரமும் ஊரில் உள்ள பேரும் கண்முன் வந்து நிற்கும்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியது. ரம்யா என்ற பெண் கைக்குழந்தையோடு வாடகைக்கு அறை கேட்டு வந்தாள். புருஷன் சிங்கப்பூர் போயிருக்கிறானாம். பூட்டியே கிடந்த அறையை அழகி திறந்து காட்டினாள். ரம்யா உள்ளே நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சுவரோரத்தில் துண்டை விரித்துப் படுக்க வைத்தாள். வைஷ்ணவியின் பாய் இருந்த இடம் அதுதான்.

"செவத்துக்கு அங்கிட்டு என்னங்க இருக்கு?"

"குடோனு."

"பிள்ளைக்கு எதுவும் தொந்தரவு இருக்காதுல்ல?"

அழகி குழந்தையின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து குழந்தையைத் தூக்கி ரம்யாவின் கையில் கொடுத்தாள்.

"இந்த ரூம் வேணாம்மா. இங்க யாரும் இருக்கக் கூடாது."

அப்படியே பஸ் ஏறினாள். குன்றாண்டார்கோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கவியரசனின் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். கொல்லையில் சத்யா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை, "வாங்க, உக்காருங்க" என்றாள். அழகி உட்காரவில்லை.

"அந்த மீன நானும் தின்னேன்" என்றாள். "அதே பெட்டி மீனு. எனக்கு ஒண்ணும் ஆகல. மீனு நல்ல மீனுதான். நான் குடோனுல வச்ச மருந்துதான் செவத்துக்கு மேல வழியா வந்து பிள்ளையக் கொன்னுச்சு. மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கவியரசன் எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். சின்னப்பிள்ளையின் கண் மருமகள் பக்கம் போய், அங்கே நிற்க முடியாமல் தரைக்கு வந்தது. சத்யா கையில் சாம்பலோடு வந்து அழகியின் எதிரில் நின்றாள்.

"நான் வந்து கேட்டேன்லக்கா. ஒங்க வாசல்ல நின்னு கேட்டேன்லக்கா."

"கேட்ட சத்யா."

"மருந்து வச்சது தெரியாம வச்சீங்க. அன்னைக்குச் சொன்னது தெரிஞ்சுதான சொன்னீங்க?"

அழகி தலை குனிந்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சத்யா அடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பிள்ளை போன அன்றைக்கு அழாத அழுகையை அழுதாள். கவியரசன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து, "எனக்குக் கொஞ்சம் சோறு போடுறியா?" என்று கேட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. சின்னப்பிள்ளைதான் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு, மருமகளின் முன்னால் முதலில் வைத்தாள்.

அன்று மாலையே அழகி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அவள்மீதும் நாகராசுமீதும் வழக்குப் பதிவானது. அவன் கடைக்குச் சீல் வைத்தார்கள். சில நாள் கழித்து அதிகாரிகள் குடோனைப் பார்வையிட வந்தார்கள். குழந்தை படுத்திருந்த இடத்தைக் காட்ட கவியரசனும் சத்யாவும் வந்திருந்தார்கள். ஆள் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த மாத்திரையைப் பயன்படுத்தவே கூடாது, மயிரிழை விரிசல் இருந்தாலும் புகை போய்விடும், மிச்சப் பொடியைத் தண்ணீரில் கொட்டினால் அங்கேயும் உயிர்கள் சாகும் என்று வந்த அதிகாரி விளக்கினார். கூடியிருந்த வியாபாரிகளில் நல்லதம்பி என்பவர் மெல்ல முனகினார்.

"நாங்களும் வருசக்கணக்கா இந்த மருந்தத்தான் போடுறோம் சார். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் சத்யா திரும்பினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"மருந்துன்னு சொல்லிச் சொல்லியே அது வெசம்ங்கிறத மறந்துட்டோங்க. வண்டு எது, பிள்ள எதுன்னு அதுக்குத் தெரியாது. மூச்சு விடுற எல்லாத்தையும் கொல்லும். பக்கத்துல யாரு இருக்கா, காத்து எங்கிட்டுப் போகுது, மிச்சம் எந்தத் தண்ணியில கலக்குதுன்னு போடுறவங்கதான் முன்னாடியே பாக்கணும். ஒண்ணும் ஆகலைன்னு சொல்றீங்களே, அங்கிட்டு இருக்கவங்ககிட்ட நீங்க என்னைக்காவது கேட்டீங்களா?"

நல்லதம்பியின் குடோனுக்குப் பின்னாலும் இரண்டு வீடுகள் இருந்தன. கூட்டத்திலிருந்து விலகி, அவர் வேகமாகத் தன் குடோன் இருக்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார்.