நல்ல பக்கம் உள்ளே

தையற்காரி தன் அக்காவோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குற்றம் யாருடையது என்று கேட்டால், தையற்காரியின் நாக்கினுடையது. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையான அக்கா, பிள்ளைகளோடு சேர்ந்து செய்த காகிதப் பூக்களை ஒருநாள் ஆசை ஆசையாகக் கடைக்கு எடுத்துவந்து காட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். "காகிதத்த வெட்டி ஒட்டுறதுக்கெல்லாம் ஒரு சம்பளமாக்கா?" என்று இவள் கேட்டுவைத்தாள். நாலு பேரும் சிரித்தார்கள். பூக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போன அக்கா, அதன்பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

இன்று நாலு மணிக்கு அக்காவுக்குப் பணி ஓய்வு விழா. நாளைக்கு மகன் இருக்கும் தூர ஊருக்கே குடிபோகிறாள். இன்று விட்டால் விட்டதுதான்.

வாயால் மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லை. கையால் கேட்போம் என்று காலையிலேயே வாழ்த்தட்டை செய்ய உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளையான காகிதம். அதில் பன்னிரண்டு இதழுள்ள வட்டம் ஒன்று, அதைவிடச் சின்னதாக இன்னொன்று, இப்படி ஐந்து. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி வேண்டுமே; தோள்பட்டைக்கு வைத்துத் தைக்கும் ஸ்பாஞ்சை மிளகளவு நறுக்கி, பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். கழுத்து இற்றுப்போனது. "இதுக்கா சம்பளம்னு கேட்டே, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாவது அடுக்கை வைத்து நிமிர்ந்தால், பூ முழுக்க வெள்ளை!

முதல் அடுக்கிலேயே தெரியவில்லையா என்றால், தெரிந்தது, உறுத்தவில்லை. முப்பது வருஷமாகத் துணியின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்து, கடைசியில் புரட்டிப் பழகிய கை. கை பாட்டுக்குத் தன் வழக்கத்தைச் செய்தது. கண்ணும் கூடவே தலையாட்டிவிட்டது. புரட்டப் போனபோதுதான் காகிதம் சட்டை இல்லை என்று உறைத்தது.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் புருஷன் எட்டிப் பார்த்தான். "என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?"

"வாய மூடுங்க."

"கடையில ஒண்ணு வாங்கிட்டு வரட்டா? தொறந்தா பாட்டுப் பாடுமாம்."

"வாங்கிட்டுப் போனா, நான் அன்னிக்குச் சொன்னது நெஜம்னு ஆயிரும்."

மணி இரண்டரை. சிவப்புக் காகிதத்தில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. அட்டையை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, அழுத முகத்தைக் கழுவப் போனாள். திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மேகம் விலகி, வெயில் சாய்வாக மேசைக்கு வந்திருந்தது. வெள்ளை இதழ்களின் அடியிலிருந்து செம்மை கசிந்தது. மேல் இதழின் அடிப்பக்கச் சிவப்பு, கீழ் இதழின் வெள்ளைமேல் வெறும் வெளிச்சமாக விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. இடுக்கில் விரலை நீட்டினாள். அது விரல்மேல் ஏறிக்கொண்டது. எடுத்தாள், விரலில் ஒன்றுமில்லை. தன் கையை முன்பின் பார்த்திராதவள்போலப் பார்த்தாள்.

"உள்ள யாரும்மா வெளக்கேத்தினது?" என்றான் புருஷன். அவன் குரலும் தணிந்துபோயிருந்தது.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தையற்காரி அட்டையை நீட்டினாள். அக்கா வாங்கினாள். வெள்ளைப் பூவைப் பார்த்தாள். முகம் அசையவில்லை. தையற்காரியின் நிழல் சரியாகப் பூவின்மேலேயே விழுந்திருந்தது.

அட்டையைச் சற்றே சாய்த்தபோது, ஓர் இதழின் ஓரம் மட்டும் சிவந்து அணைந்தது. அக்காவின் கை அப்படியே நின்றது.

"தள்ளி நில்லுடி, வெளிச்சத்த மறைக்கிறே" என்றாள் அக்கா.

தையற்காரி தள்ளி நின்றாள். பூ பற்றிக்கொண்டது.

"இத எப்படிடி செஞ்சே?"

"தப்பா ஒட்டிட்டேங்க்கா."

அக்கா வெகுநேரம் பூவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, பார்வையைத் திருப்பாமலே, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். தையற்காரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.