மேல்நோக்கி விழுந்தவர்

1697ஆம் ஆண்டு செப்டம்பர் நான்காம் தேதி காலையில், எங்கள் ஊர் தேவாலயத்தில் ஓவியர் எர்கோலே பெசுத்தி சாரத்திலிருந்து கால் தவறி மேலே விழுந்தார். கீழே விழுந்திருந்தால் எலும்பு வைத்தியரைக் கூப்பிட்டிருக்கலாம். மேலே விழுந்தவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர் இத்தாலியில் போ என்னும் நதியின் கரைச் சதுப்பின் மேல் நிற்கிறது. கல்லில் குவிமாடம் எழுப்பினால் இரண்டே மழைக்காலத்தில் கோயில் கழுத்துவரை புதைந்துவிடும் என்று மூன்று கொத்தனார்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் பக்கத்து ஊரில் குவிமாடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் தட்டைக் கூரையில் பெரிய துணி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு குவிமாடம் வரைந்து தரும்படி எர்கோலேயை அழைத்தோம். பதினான்கு மாதம் வரைந்தார். தரையில் வெள்ளைப் பளிங்கு வட்டம் ஒன்றைப் பதித்து, இதன்மேல் நின்று அண்ணாந்து பாருங்கள் என்றார். நின்று பார்த்த நாவிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். தூண்கள், தூண்களின் மேல் வளையமாக ஒரு நடைபாதை, அதற்கும் மேலே உச்சிச் சன்னலில் வானம் என்று அறுபது அடி உயரத்துக்கு எல்லாம் எழுந்து நின்றன. வட்டத்தை விட்டு நகர்ந்தால்தான் வம்பு. தூண்கள் சாயும், நடைபாதை சரியும், மொத்தமும் ஒரு பக்கமாகக் கவிழ்வதுபோல் தெரியும். அப்படி யாராவது நகர்ந்து பார்த்தால் எர்கோலேக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

அவர் மனைவி ஒர்சோலா எப்போதும் நகர்ந்துதான் பார்ப்பாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கோயிலிலும் அவள் வட்டத்தில் நின்றதில்லை. வெயில் விழுகிற மூலையாகப் பார்த்து, பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொள்வாள். எங்கள் கோயிலில் அது வடக்கு மூலை. "உங்க வட்டத்துல ஒரே குளிருங்க. எனக்கு இங்கேருந்தே தெரியுது" என்பாள். தன் மனைவி தன்னை மட்டம் தட்டத்தான் அங்கே உட்காருகிறாள் என்று எர்கோலே சாராயக் கடையில் சொல்லிப் புலம்புவார்.

கடைசி வேலையாக அவர் தன்னையே வரைந்தார். நடைபாதையின் கைப்பிடியில் சாய்ந்தபடி, கீழே உள்ள வட்டத்தை விரலால் சுட்டிக்காட்டும் எர்கோலே. தலைமுடியில் தாராளம் காட்டினார், வயதில் பதினைந்தைக் குறைத்துக்கொண்டார். இடது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு, எந்த ஓவியரும் செய்வதுபோல, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் எடுத்துவைத்தார். பின்னால் பலகை இல்லை. மேலேதான் அறுபது அடி இருந்தது.

தச்சர் ஏணி போட்டு ஏறினார். கைக்குத் துணிதான் தட்டுப்பட்டது, விரலில் ஈர எண்ணெய்ச் சாயம் ஒட்டியது. வட்டத்தில் நின்றவர்களுக்கோ, எர்கோலே தன் படத்துக்குப் பக்கத்திலேயே உயரத்தில் நின்று கத்துவது தெளிவாகத் தெரிந்தது. வட்டத்தில் நின்று எறிந்த ரொட்டி அவரிடம் போய்ச் சேர்ந்தது. கயிறும் போய்ச் சேர்ந்தது. போன எதுவும் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் அவர் தோள்பட்டை மரத்துப்போனது. "எண்ணெய் காயுதுய்யா! என்னையும் சேத்துக் காயவைக்குது!" என்று அலறினார். சாயம் முழுக்கக் காயப் பன்னிரண்டு நாளாகும் என்பது ஊருக்கே தெரியும். பத்தாம் நாள் அவருக்கு வாயும் ஒரு கையும்தான் அசைந்தன. முடி இருப்பது படம், வழுக்கை எர்கோலே என்று அடையாளம் வைத்துக்கொண்டோம்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒர்சோலா பத்து நாளும் வட்டத்திலேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால்தான் அவர் உயிரோடு தெரிந்தார்.

பங்குச் சாமியார் ஆறுதல் சொல்ல வந்தார். "கவலப்படாதம்மா. எப்படியும் கோயிலுக்குள்ளதானே இருக்கப்போறாரு."

"சாமி, உங்களுக்குக் கோயில்ல படம் வேணும். எனக்கு வீட்டுல ஆளு வேணும்" என்றாள் ஒர்சோலா.

பதினோராம் நாள் மத்தியானம் அவள் கால்கள் ஓய்ந்துபோயின. வடக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதபடி நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போல் தூண்கள் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தன. எர்கோலே ஒரு சாண் சறுக்கினார். வட்டத்தில் நின்ற நாவிதர் அண்ணாந்ததும் குவிமாடம் நிமிர்ந்து எர்கோலே பழைய இடத்துக்கே போய்விட்டார். ஒர்சோலாவுக்குப் புரிந்துவிட்டது. நாவிதரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். சாமியாரை, தச்சரை, நாற்பது பேரை அந்த மூலையில் நெருக்கி நிறுத்தினாள். ஆறு பேர் முன்னால் ஒரு படுதாவை விரித்துப் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கோணலாகப் பார்த்தோம்.

குவிமாடம் சாய்ந்தது. முதலில் காய்ந்த ரொட்டிகள் வந்து விழுந்தன, பிறகு கயிறு, பிறகு இரண்டு புறாக்கள். எர்கோலே மட்டும் வரவில்லை. அசையும் ஒரே கையால் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கேருந்து பாக்காதீங்கய்யா! வட்டத்துக்குப் போங்க! எல்லாம் கோணலாத் தெரியும்!"

"தெரியட்டும். கையை விடுங்க."

"பதினாலு மாச உழைப்புடி! கேவலமா இருக்கும்!"

"இருவத்திரண்டு வருசமா உங்க வேலை எல்லாமே எனக்கு இப்படித்தான் தெரியுது" என்று ஒர்சோலா கத்தினாள். "அதுக்காக நான் உங்கள விட்டுட்டு எங்கயாச்சும் போயிட்டேனா?"

எர்கோலே கையை விட்டார்.

தூண் வழியாகச் சறுக்கிப் படுதாவில் வந்து விழுந்தார். ஒர்சோலா அவரை இரண்டு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் பதினொரு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது; சாமியார் யாரும் கேட்காமலே மணியடிக்கப் போனார். எர்கோலேமேல் சாயத்தில் கலந்த ஆளிவிதை எண்ணெய் வாடை ஒரு மாதம் அடித்தது, இடது புருவம் உரிந்து விழுந்து மறுபடி முளைத்தது, வேறு சேதமில்லை. இப்போதும் ஈஸ்டருக்கு முந்தின வாரம் பத்துப் பேர் வடக்கு மூலையில் நின்று குவிமாடத்தைச் சாய்த்து, புறாக்கூட்டையும் தூசியையும் கொட்டிவிடுகிறோம்.

எர்கோலே பிறகு ஏழு ஊர்களில் குவிமாடம் வரைந்தார். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், வேலை முடியும்வரை மனைவிக்கு அவள் கேட்கிற மூலையில் நாற்காலி போட்டுத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இன்னும் இரண்டு முறை மேலே விழுந்தார். இரண்டு முறையும் சூப் ஆறுவதற்குள் கீழே வந்துவிட்டார்.