மார்சேயில் ஒரு குண்டூசி

2011இல் அடித்த ‘தானே’ புயலில் நனைந்து உப்பிப்போயிருந்த உலகப் படத்தை, கடலூரில் தான் படித்த கல்லூரியின் துறை அலுவலக மேசைமேல் விரித்துப்போட்டு, ஸ்ரீமதி குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆப்பிரிக்காவில் பாதியைப் பூஞ்சை தின்றிருந்தது. ரஷ்யா தொட்டால் பிய்ந்து வந்தது. சிங்கப்பூரில் மட்டும் பதினொரு குண்டூசிகள். அத்தனை சின்ன ஊரில் இடம் போதாமல் சுற்றிலும் கடலில் குத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குண்டூசிக்கும் ஒரு துண்டுச் சீட்டு; சீட்டில் பெயர், படித்த வருடம், வேலை பார்க்கும் கம்பெனி. டிசம்பர் கடைசியில் வராந்தாக் கூரையின் ஷீட்டுகளைக் காற்று தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு நாள் மழை அப்படியே சுவரில் இறங்கியதில் பெயர்கள் எல்லாம் கரைந்து ஊதாக் கறையாகிவிட்டன. கறையைப் பார்த்தே யார் என்று சொல்ல அவளால் முடிந்தது. முந்தைய வருடங்களில் போனவர்களுக்கான முதல் நாற்பது சீட்டையும் எழுதியவள் அவள்தான்.

2006இல், கடைசி செமஸ்டரில், சிதம்பரம் கீழ வீதியில் தேடி அந்தப் படத்தை வாங்கிவந்து மாட்டியதும் அவள்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் துறைக்கு வந்து, தங்கள் கையாலேயே தங்கள் ஊரில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் யோசனை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து குத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஸ்ரீமதிக்கு மட்டும் குண்டூசி இல்லை. சென்னையில் ஒரு கப்பல் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரு வருடம் அங்கே, அப்புறம் சிங்கப்பூர் என்று கடிதத்திலேயே இருந்தது. அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கல்யாணம் ஆகட்டும், போகிற இடத்தில் அனுப்பினால் போ என்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

போன இடம் சிதம்பரம் தெற்கு வீதி. கணவன் சத்யநாராயணன் அங்கே பூஜைச் சாமான் கடை வைத்திருந்தான். அவள் படித்த எம்.ஐ.பி., சர்வதேச வணிக முதுகலை, என்றால் வீதியில் யாருக்கும் விளங்காது என்பதால், எம்.பி.ஏ. மாதிரி ஒன்று என்று மாமியார் சொல்லி வைத்திருந்தாள். ஐந்து வருடம் ஓடிவிட்டது. மகள் பிரீதா வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். காலை எட்டரைக்கு அவளை அனுப்பிவிட்டால் சாயங்காலம் நான்கு வரைக்கும் வீட்டில் சுவர்கள்தான் மிச்சம். எங்கேயாவது ஒரு பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான் ஸ்ரீமதிக்கு. இதை அவள் கேட்டபோது சத்யநாராயணன், "வேல கெடைச்சா போ. வேல தேடுறன்னு சொல்லிகிட்டு சும்மா சும்மா பஸ் ஏறாத," என்று சொல்லியிருந்தான்.

அதனால்தான் துறைத் தலைவர் சிவசுப்ரமணியன் போனில் கூப்பிட்டபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கேட்டாள். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, பழைய மாணவர்களைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள், நீ வரணும், மேப் புதுசா ஒண்ணு வாங்கியாச்சு, அதையும் பழையபடி எழுதித் தரணும் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஜூன்ல ஒரு கெஸ்ட் லெக்சரர் போஸ்ட் போடுறோம்மா. உன்னத்தான் மனசுல வச்சிருக்கேன்," என்று சேர்த்தார்.

வந்திருந்த பழைய மாணவர்கள் எட்டுப் பேர். சர்வதேச வணிகம் படித்தவர்களில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டவுன் பஸ் பிடித்து வந்து சேரக்கூடியவர்கள் யார்? எங்கேயும் போகாதவர்கள்தான். கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் தெரிகிற விஷயம். ஆனால் குழு அதை யோசிக்காது என்று துறை நம்பியது. ஒருவன் இருசக்கர வாகன ஷோரூமில் இருந்தான். ஒருத்தி நெல்லிக்குப்பத்தில் ஒரு நர்சரி பள்ளியில். இன்னொருவன் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தேய்த்த முழுக்கைச் சட்டையிலும் பட்டுக்கரைப் புடவையிலும் ஒருவரை ஒருவர் அதிகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

செந்தமிழ்செல்வன் மட்டும் எழுந்து மேசைக்கு வந்தான். அவள் வகுப்புதான். 2007இல் துபாய் போனான். போகும்போது ஒரு கிலோ அல்வாவோடு வந்து குண்டூசி குத்திய ஆள். இப்போது தலையில் முன்பக்கம் முடி இல்லை. சட்டைக் காலரில் தவிட்டுத் தூசி லேசாக ஒட்டியிருந்தது.

"ஒங்கையெழுத்து அப்புடியே இருக்குது," என்றான்.

"நீ எப்ப வந்த துபாய்லேர்ந்து? லீவா?"

"வந்து மூணு வருசமாவுது. கம்பெனிய மூடிட்டான். காட்டுமன்னார்கோயில்ல மாமா ரைஸ் மில்ல பாத்துக்கறேன்." அவன் மேசையிலிருந்து துபாய்க் குண்டூசி ஒன்றை எடுத்து விரலால் உருட்டினான். "யாருக்கும் சொல்லல. நீயும் சொல்லாத."

ஸ்ரீமதி அடுத்து எழுதவேண்டியிருந்தது அவன் சீட்டைத்தான். பேனாவை மூடி வைத்தாள்.

"அப்ப உன்னுத விட்டுடட்டுமா?"

"எழுது. அங்கயாவது நான் இருந்துட்டுப் போறேன்."

அவள் எழுதினாள். பெயரை எழுதி, வருடத்தை எழுதி, இல்லாத கம்பெனியின் பெயரையும் அழகாக எழுதி, புதுப் படத்தில் துபாயில் குத்தினாள். அவன் அதைச் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனான்.

ஒரு மணிக்குத் துறைத் தலைவர் எல்லோரையும் உட்காரவைத்து யார் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மோசமான மனிதர் இல்லை. மதிப்பீட்டில் கிரேடு குறைந்தால் முதலில் மூடப்போகிற படிப்பு இதுதான் என்பதும், ஐம்பத்து மூன்று வயதில் தன்னை எந்தக் கல்லூரியும் எடுக்காது என்பதும் அவருக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவன் நிதி ஆலோசகன் ஆனான். நர்சரி ஆசிரியை கல்வி நிர்வாகி ஆனாள். ஸ்ரீமதியிடம் வந்தபோது கொஞ்சம் தயங்கினார்.

"ஹவுஸ் ஒய்ஃப்னு சொன்னா நல்லா இருக்காதும்மா. உங்க வீட்டுக்காரர் கடையில ஊதுபத்தி விக்கிறாருல்ல? சின்ன அளவுல எக்ஸ்போர்ட் பண்றோம்னு ஒரு வார்த்த சொல்லிடு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

"கேட்டா சார்?"

"கேக்க மாட்டாங்கம்மா. ஜூன்ல பாத்துக்கலாம், நான் இருக்கேன்."

ஆனால் கேட்டார்கள். குழுவில் மூன்று பேர். அதில் நரைத்த தலையும் கைத்தறிப் புடவையுமாக இருந்த வடநாட்டு அம்மாள், மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஸ்ரீமதி சொன்னதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்தச் சின்ன ஊரிலிருந்து ஏற்றுமதியா, என்ன பொருள், எந்த நாட்டுக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே ஆசையோடு கேட்டார்.

ஊதுபத்தி, பிரான்சுக்கு, மார்சேய் துறைமுகம் என்றாள் ஸ்ரீமதி.

அது தானாக வாயில் வந்தது. இரண்டாம் வருடத்தில் ஆளுக்கொரு கற்பனைக் கம்பெனியைத் தொடங்கி, வெளிநாட்டில் ஒரு கற்பனை வாடிக்கையாளரைப் பிடித்து, ஒரு சரக்கைக் கப்பலேற்றும் வரைக்குமான அத்தனை காகிதங்களையும் தயாரித்துக் கொடுக்கவேண்டும். செய்முறைத் தேர்வு. ஸ்ரீமதியின் நீலநிறக் கோப்பு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கி, அடுத்த மூன்று வருடத்து மாணவர்களுக்கு மாதிரியாகச் சுற்றிவந்து, பிறகு அவள் பெட்டிக்கே திரும்பியது. அதைத்தான் அவள் இப்போது சொன்னாள். சுங்க வரிசை எண் 33 07 41 என்று சொன்னாள். சென்னைத் துறைமுகத்தில் இருபதடி கன்டெய்னர். முதல் சரக்கில் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது என்று வாடிக்கையாளர் குறை சொல்லி எழுதியது, அதற்குப் பிறகு உள்தாள் மாற்றியது, மல்லிகை வேண்டாம் சந்தனமே அனுப்புங்கள் என்று அவர் கேட்டது. அந்தக் குறைக் கடிதத்தையும் அன்றைக்கு அவள்தான் எழுதினாள், தட்டுத் தடுமாறிய பிரெஞ்சில், வாடிக்கையாளரின் கையெழுத்தைக்கூட வேறு மாதிரி சாய்த்துப் போட்டு. அதிலிருந்து ஒரு வரியைப் பிரெஞ்சிலேயே சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

அந்தப் பத்து நிமிடம் ஸ்ரீமதி சந்தோஷமாக இருந்தாள். அதை ஒளிப்பதற்கில்லை. பொய் சொல்கிறோம் என்ற கூச்சமே வரவில்லை. ஆறு வருடமாக எங்கேயோ நடந்துகொண்டிருந்த தன் வாழ்க்கையை இப்போதுதான் யாரோ விசாரிக்கிறார்கள் என்பதுபோல இருந்தது. எதிர் வரிசையில் செந்தமிழ்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோ முடிந்து டீ வந்தபோது அவன் டீயைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

நாலரை மணிக்குத் துறைத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பிரமாதம்மா. அந்த மேடம் உன்னப் பத்தித் தனியா ஒரு பாரா எழுதறாங்களாம். காலேஜுக்கே ஜாஸ்தி மார்க் வரும்னு பிரின்ஸ்பால் சொல்றாரு."

"ரொம்ப சந்தோசம் சார். ஜூன்ல அந்த போஸ்ட்டு... சர்டிபிகேட் ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துகிட்டு வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதாம்மா பிரின்ஸ்பாலும் கேட்டாரு. ரிப்போர்ட்ல உன் பேரு தொழில் முனைவோர்னு ஏறிடுச்சு. ஸ்டாஃப் லிஸ்ட்ட வருசா வருசம் அவுங்களுக்கு அனுப்பணும். அதே பேரு, அதே பேட்ச். பிரான்சுக்கு கன்டெய்னர் அனுப்பறவ எட்டாயிரத்துக்கு இங்க எதுக்கு வர்றானு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நீங்கதான சார் சொல்லச் சொன்னீங்க."

"நான் ஒரு வார்த்த சொல்லச் சொன்னேன். நீ கப்பலையே ஏத்தி அனுப்பிட்டியேம்மா." அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாலஞ்சு வருசம் போவட்டும். அடுத்த குழு வந்துட்டுப் போனப்புறம் பாப்போம்."

ஸ்ரீமதி ஜெராக்ஸ் உறையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. தன் வாயாலேயே தன் வேலையைத் தின்றுவிட்டோம் என்பது மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது. ஹவுஸ் ஒய்ஃப் என்று சொல்லியிருந்தால் ஜூனில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலம்மா," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "நாளைக்குக் காலைல அந்த மேடம் மேப்ப போட்டோ எடுக்கணும்னாங்க. உன் பேரு அதுல இல்லியேன்னு கேட்டாங்க."

வராந்தாவில் யாரும் இல்லை. புயலில் முறிந்த மரங்களின் அடிக்கட்டைகளில் புதுத் தளிர் சின்னதாக வந்திருந்தது. ஸ்ரீமதி ஒரு சீட்டில் தன் பெயரை எழுதினாள். வருடத்தை எழுதினாள். கம்பெனி என்று எழுத, அந்த நீலக் கோப்புக்கு அன்றைக்கு வைத்த பெயரே நினைவில் இருந்தது. சிதம்பரத்தில் குத்தலாமா என்று பார்த்தாள். கடலூரில் குத்தியிருந்த கல்லூரியின் பெரிய சிவப்புக் குண்டூசித் தலைக்கு அடியிலேயே சிதம்பரமும் போய்விட்டிருந்தது. அந்தப் படத்தில் இரண்டும் ஒரே இடம்தான். மார்சேயைத் தேடவேண்டியிருக்கவில்லை. மத்தியதரைக் கடலின் மேல்விளிம்பில் குத்தி, சீட்டு சாயாமல் நீவிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது சத்யநாராயணன் கூப்பிட்டான்.

"என்னாச்சு? கெடைச்சிதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஜூன்ல சொல்றன்னாங்க," என்றாள். அதுவும் தானாகவே வந்தது.

"அப்ப கெடைச்ச மாதிரிதான். நான் காலைலயே நெனச்சன்." அவன் குரலில் அப்படி ஒரு துள்ளலை அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது. "கடையச் சாத்திட்டு வந்து ஒம்பொட்டியப் பரண்லேர்ந்து எறக்கி வச்சிட்டன். ஒரே தூசு. பொஸ்தகத்தெல்லாம் தொடச்சி ஷெல்புல அடுக்கிட்டன். பாப்பாகிட்ட, அம்மா காலேஜ் டீச்சராவப் போறான்னு சொன்னன், தெருப் பூரா போயி சொல்லிட்டு வந்துட்டா."

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாக ஏறியது. கீழே தண்ணீர் கொஞ்சமாக, மணல் நிறத்தில் கிடந்தது.

"இன்னா, கேக்குதா?"

"கேக்குதுங்க. பாப்பா என்னா பண்றா?"

"நீலக் கலர்ல ஒரு பைல் இருந்திச்சி. பேப்பரெல்லாம் ஒரு பக்கம் வெறுமனா இருந்திச்சா, அத எடுத்து வச்சிகிட்டு கலர் அடிச்சிகிட்டு இருக்கா. முதல் பக்கத்துல நீ ஒரு கப்பல் வரஞ்சிருக்க பாரு, அதுக்கு இப்ப பச்சை அடிக்கிறா. முக்கியமான பேப்பரா? புடுங்கி வைக்கட்டுமா?"

ஸ்ரீமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கப்பலை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக அடுக்கி வரைந்தது.

"வேணாம். அடிக்கட்டும்," என்றாள்.

போனுக்குள் தூரத்தில் பிரீதாவின் குரல், தண்ணிக்கு நீலம் தீந்துபோச்சிப்பா என்றது. பாலம் முடிந்து பஸ் வேகம் எடுத்தது.