கீழறையில் ஓர் இத்தாலிக்காரி

“விற்பனைக்கு: இத்தாலியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. குழந்தையைப் போல் பராமரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்.”

இது என் அக்கா புருஷன் கொடுத்த விளம்பரம். குழந்தையைப் போலாம்! பெற்ற மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன வயது என்று டாக்டர் கேட்டதற்கு அக்கா முகத்தைப் பார்த்த மனுஷர் இவர்.

அவர்கள் வீட்டில் கீழே ஒரே அறைதான். பெரிய அறை. தெருவைப் பார்த்த ஜன்னல், அகலமான இரட்டைக் கதவு, ஒட்டினாற்போல் குளியலறை, ஏசி. அதில் கார் இருந்தது. மேலே மின்விசிறிக்கு அடியில் மனிதர்கள் இருந்தார்கள். அக்கா அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

மழைக்காலத்தில் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் மாடியிலேயே கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். அப்போதெல்லாம் அத்தான் ஓடிப்போய்க் காரின் மேல் மெத்தையை விரிப்பார். நாற்காலிக்கால் இடித்துவிடக் கூடாதாம்.

“கீழ் ரூம எனக்குக் குடுங்க. தெருவப் பாத்துக்கிட்டாவது கிடக்கறேன்,” என்று அக்கா கேட்டாள். காரை வைக்க வேறு இடம் கிடையாது. கிட்னியைத் தானம் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, விற்கிறேன் என்று அத்தான் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டார், விற்கவில்லை. வந்தவர்களை எல்லாம் விரட்டினார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பெல்ட்டைக் கழற்றாமல் கார்மேல் சாய்ந்தார் என்று அவருக்குக் கதவைக் காட்டினார். இன்னொருவர் ‘வண்டி சூப்பர்’ என்றாராம். “சூப்பராம்! ரசனை கெட்டவன்,” என்று அன்று முழுவதும் புலம்பினார். தேடிப் பார்த்து ஒரு குறை கண்டுபிடிப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். நான் அக்காவுக்குச் சோறு போட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒருவர் வந்தார். சாதுவான ஆள். வாசலிலேயே பெல்ட்டையும் வாட்சையும் கழற்றித் தாமாகவே ஸ்டூலில் வைத்தார். அத்தான் முகம் சுருங்கிப்போனது. முதல் குறைக்கே வழியில்லாமல் போயிற்றே!

பிறகு ஆரம்பித்தது விசாரணை. நான் படிக்கட்டின் பாதியில் காபி டம்ளர்த் தட்டோடு நின்றேன்.

“எங்க வைப்பீங்க?”

“வீட்டுக்குள்ளயே சார். வெயில் படாது.”

“வேலையாளுங்கள தொட விடுவீங்களா?”

“நானேதான் தொடைப்பேன்.”

“கோவம் வருமா உங்களுக்கு? கோவத்துல கதவ அடிச்சுச் சாத்துவீங்களா?”

மாடியிலிருந்து அக்கா குரல் வந்தது. “இதுல ஒரு கேள்வியாவது என்னக் கட்டிக் குடுக்கும்போது எங்கப்பா கேட்டிருக்கலாம்!”

பல் டாக்டர் சிரிப்பை அடக்கப் படியருகே வந்து எட்டிக் காபியை வாங்கிக்கொண்டார். அத்தான் காதில் அது விழவே இல்லை. அவர் டயரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரே எடத்துல நின்னா டயர் ஒரு பக்கம் அமுங்கிப் போயிடும். பாவம், வலிக்கும் அதுக்கு. வாராவாரம் நானே தள்ளிக் கொஞ்சம் உருட்டி வெப்பேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல.”

அக்கா ஒரே பக்கமாகப் படுத்தால் முதுகில் புண் வரும், அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் இவரிடம்தான் சொன்னார்கள். ஒருநாள்கூட இவர் திருப்பியதில்லை. வந்த புண்ணுக்கு மருந்து போடுகிறவள் நான். டயருக்கு வலிக்குமாம். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா!

கேள்விகள் தீர்ந்தன. குறை கிடைக்கவில்லை. அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் ஆசையாக, “லீவு நாள்ல வீட்டம்மாவ உக்கார வெச்சு கடற்கரைப் பக்கம் ஒரு ரவுண்டு போவேன் சார்,” என்றார்.

அவ்வளவுதான், அத்தானுக்கு உயிர் வந்தது.

“ஓட்டுவீங்களா?”

“கார்தானே சார்?”

“உப்புக் காத்துல! மன்னிக்கணும். உங்களுக்கு இது சரிப்படாது. நான் விக்கறதா இல்ல.”

“விக்கறதா இல்லயா?” என்று நான் கத்தினேன். “அப்ப எங்கக்கா மேலயே கெடந்து சாகணுமா?”

“நீ சும்மா இரு. தகுதியான ஆள் வரட்டும். என்ன அவசரம் இப்ப?”

என் முதுகுக்குப் பின்னால் ‘தொப்’ என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா. படியில் உட்கார்ந்த வாக்கிலேயே, ஒவ்வொரு படியாகப் புட்டத்தை நகர்த்தி இறங்கி வந்துகொண்டிருந்தாள். நைட்டி, கலைந்த தலை, முகமெல்லாம் வியர்வை. நான் பதறிப்போய்த் தாங்கப் பார்த்தேன். “விடுடி,” என்று தள்ளிவிட்டாள். நான் டம்ளர்த் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டி இறங்கினாள்.

கடைசிப் படி காரின் பின்பக்கத்தில் வந்து முடிகிறது. அத்தான் அங்கேதான் நின்றார். அக்கா கைப்பிடியைப் பற்றி எழுந்து, தரையில் காலை ஊன்றினாள். கால் நிற்கவில்லை. சரிந்தாள். சரிகிற வேகத்தில் இரண்டு கையாலும் காரைப் பிடித்தாள்.

“ஏய், வளையல்! வளையல்!” என்று அலறினார் அத்தான்.

கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரத்துக்கு மேலிருந்து விளக்கு வரைக்கும் வெள்ளையாய்க் கோடு விழுந்தது. பல் டாக்டர்தான் டம்ளரைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவைத் தாங்கினார். ஸ்டூலை இழுத்து உட்காரவைத்து, “வலிக்குதாம்மா? காலை மெதுவா நீட்டுங்க,” என்றார்.

அத்தான் கோட்டருகே மண்டியிட்டிருந்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“போச்சு,” என்றார். “எல்லாம் போச்சு. இனிமே இது எவன்கிட்டப் போனா என்ன? எடுத்துக்கிட்டுப் போங்க சார். கடலுக்குள்ளயே ஓட்டுங்க.”

பல் டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வாயில் சொத்தைப் பல்லைப் பார்க்கும்போதும் அந்த ஆள் இப்படி முகம் சுளித்திருக்க மாட்டார். “கீறல் இருக்கட்டும் சார். நான் அப்படியே எடுத்துக்கறேன்,” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே கார் போனது. அக்காவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளி விட்டுப் போகிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்தபடி ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள்.

அத்தான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு துக்கம் கொண்டாடினார். அது தெரிந்துதான் நான் தைரியமாகக் கேட்டேன்.

“உண்மையச் சொல்லுக்கா. வேணும்னேதானே கீறினே?”

“இல்லடி. பயந்துட்டேன். விழப்போறோம்னு தெரிஞ்சதும் கைக்கு அகப்பட்டதப் பிடிச்சேன்.” அவள் சுளையை மென்று விழுங்கினாள். “அப்புறம்தான் யோசிச்சேன். வண்டியவிட அவருதான் எனக்குக் கிட்டத்துல நின்னாரு. அவரப் பிடிக்கணும்னு என் கைக்குத் தோணவே இல்ல பாரு.”